‘எங்க வழக்கத்துல இல்லீங்க’: உறுப்பு தானமும் மதமும், வேலூரிலிருந்து ஒரு பார்வை

சாலை விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரை வேலூருக்குக் கொண்டுவருகிறார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இந்தப் பக்கத்தின் நடுவே ஓடுவதால் வாலாஜா, பள்ளிகொண்டா, ஆம்பூர் என்று எங்கிருந்தாவது ஒரு குடும்பம் இப்படி அலறிக்கொண்டு வந்துகொண்டேதான் இருக்கிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ டாக்டர் வெளியே வந்து மூளைச்சாவு என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வந்து உறுப்பு தானம் பற்றி மெதுவாகப் பேச்செடுக்கிறார். தாயோ மனைவியோ அப்போது பதில் சொல்லும் நிலையில் இருப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் பெரியப்பாவோ தாய்மாமனோதான் சொல்வார்: "எங்க வழக்கத்துல அதெல்லாம் இல்லீங்க."

கேட்டவர் அதை ‘மத காரணம்’ என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். சொன்னவர் எந்தச் சாத்திரத்தையும் மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். வழக்கம் என்று அவர் சொன்னது ஒருவரை எப்படி வழியனுப்புவது என்பதை. எத்தனை மணிக்கு எடுப்பது, யார் குளிப்பாட்டுவது, உடம்பு எந்த நிலையில் வீடு வந்து சேர வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் பெரிய மதங்கள் எதுவும் உறுப்பு தானத்துக்கு முழுசாகக் கதவடைக்கவில்லை. தடை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் சாவுச் சடங்கைப் பற்றிய கவலையும், ‘உண்மையிலேயே செத்துவிட்டாரா’ என்ற சந்தேகமும்தான். இரண்டுமே நியாயமான கவலைகள் என்று நான் நினைக்கிறேன். அவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் யாருக்கும் பயன் இல்லை.

இந்த ஊரின் மருத்துவ வரலாறே இப்படி ஒரு கதையில்தான் தொடங்குகிறது. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், அமெரிக்க மருத்துவ மிஷனரியான தன் தகப்பனாரின் வீட்டில் இருந்தபோது ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை ஒரே இரவில் மூன்று பேர் தேடி வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூன்று பேரின் மனைவியும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னதற்கு, வேற்று ஆண் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இதைக் கேட்கிற எவருக்கும் முதலில் அந்த ஆண்கள் மேல் கோபம்தான் வரும். எனக்கும் அப்படித்தான்.

ஆனால் ஐடா அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்யப் போகவில்லை. அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1902-ல் ஷெல் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. வேற்று ஆண் தொடக் கூடாது என்று ஒரு குடும்பம் சொன்னால், தொடுவதற்குப் பெண் டாக்டர்களை உருவாக்குவது. ‘மதம் ஒத்துக்கொள்ளாது’ என்ற சொல்லுக்கு வேலூர் கண்ட முதல் பதில் அதுதான். இன்றைய உறுப்பு தானப் பேச்சிலும் அந்தப் பதிலையே தேட வேண்டும்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-ல், ஐடா தொடங்கியதிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) நடந்தது. அந்தக் காலத்தில் உயிரோடிருக்கும் உறவினர் ஒருவர் தன் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுப்பதுதான் வழி. அங்கேயே ஓர் அறச்சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. எந்த நோயும் இல்லாத ஒருவரின் வயிற்றை டாக்டர் கிழிக்கலாமா? தீங்கு செய்யாதே என்பதுதானே மருத்துவத்தின் முதல் பாடம்? கத்தோலிக்க இறையியலாளர்கள் இதைப் பற்றி 1940களிலேயே காரசாரமாக வாதிட்டார்கள். உடம்பு கடவுள் கொடுத்தது, அதன் ஓர் அங்கத்தை வெட்டுவது அந்த உடம்பின் நன்மைக்காக மட்டுமே இருக்க வேண்டும் என்பது பழைய கொள்கை. இன்னொருவர் மேல் வைக்கும் அன்புக்காக அதைச் செய்யலாம் என்று படிப்படியாக ஏற்றுக்கொண்டார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்று இதைவிட நுட்பமாக அதே கேள்வியைத் தொடுகிறது. காளத்தி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை அது வட ஆற்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். அங்கேதான் வேடர் திண்ணன் சாமியின் கண்ணில் ரத்தம் வடிவதைப் பார்த்தார். பெரியபுராணம் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் இதைச் செய்தவன் யார் என்று வில்லோடு தேடுகிறார். பிறகு காட்டுக்குள் ஓடிப் பச்சிலை பறித்து வந்து பிழிந்து பார்க்கிறார். அதுவும் கேட்கவில்லை என்ற பிறகுதான் ‘ஊனுக்கு ஊன்’ என்று முன்பு கேட்ட சொல் நினைவுக்கு வந்து, தன் கண்ணை அம்பால் பெயர்த்து அப்புகிறார். ரத்தம் நிற்கிறது. சாமியின் மற்றக் கண்ணிலும் வடியத் தொடங்கியதும் தன் இன்னொரு கண்ணையும் எடுக்கப் போகிறார். அப்போது ‘நில்லு கண்ணப்ப’ என்று சாமி கையைப் பிடித்துத் தடுக்கிறது.

கண் தான மேடைகளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதல் கண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது கண்தான் முக்கியமாகப் படுகிறது. மருந்து பலிக்காதபோது மட்டுமே மாற்று, கொடுப்பவன் அழிந்துபோகும் அளவுக்குக் கொடுக்கக் கூடாது. இன்றைய மருத்துவ அறம் சொல்லும் இரண்டு விதிகளும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன. பக்தியின் உச்சத்தில் நிற்பவனையே ‘போதும்’ என்று தடுக்க ஒரு கை வேண்டியிருக்கிறது.

அந்தத் தடுக்கும் கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1980களிலும் 90களிலும் சென்னை பார்த்தது. ஏழைகள் சிறுநீரகம் விற்ற வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்ற பட்டப்பெயரே வந்தது. 1994-ல் மத்திய அரசு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் கொண்டுவந்து விற்பனையைக் குற்றமாக்கியது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. அவர்களில் 96 சதவீதம் பேர் கடன் அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். குடியாத்தத்திலும் வேலூரிலும் பீடி சுற்றி வாரத் தவணை கட்டும் பெண்களைத் தெரிந்த யாருக்கும் அந்த எண்களின் கனம் புரியும்.

விற்பனை கூடாது என்பதில் எல்லா மதங்களும் ஒரே இடத்தில் நிற்கின்றன. நம் பேச்சிலேயே அது தானம். தானம் என்றால் திரும்ப எதையும் எதிர்பார்க்காதது. இஸ்லாத்தில் உடம்பு அமானிதம், இறைவன் நம்மிடம் ஒப்படைத்து வைத்த பொருள். நமக்குச் சொந்தமில்லாததை விற்க முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையும் உடலை வணிகப் பொருளாக்குவதை வெளிப்படையாகக் கண்டிக்கிறது.

விற்பனையை விட்டால், உயிரோடிருப்பவர் கொடுப்பதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. நம் நாட்டில் சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், பெறுபவர்களில் ஆண்களே அதிகம். கணவனுக்குக் கொடுக்க மனைவி முன்வரும்போது ‘தாலி பாக்கியம்’ என்று வீடே அவளைத் தட்டிக்கொடுக்கிறது. எமனிடமிருந்து புருஷனை மீட்ட சாவித்திரி கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அதே மனைவிக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டால், ‘அவன் சம்பாதிக்கிறவன், ஒண்ணு ஆயிட்டா யார் பார்ப்பா’ என்று மாமியார் கேட்பார். அவள் மனதார விரும்பித்தான் கொடுக்கிறாளா, முடியாது என்று சொல்ல வழியில்லாமல் கொடுக்கிறாளா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதனால்தான் கொடுப்பவரைக் குடும்பத்தார் இல்லாமல் தனியாக உட்காரவைத்துப் பேசுவது அவசியமாகிறது. ஒருவர் உள்ளுக்குள் விரும்பவில்லை என்று தெரிந்தால், ‘மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை’ என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லி அவரை விடுவிக்கும் பழக்கம் உலகம் முழுக்க உறுப்பு மாற்று மருத்துவர்களிடையே உண்டு. பொய்தானே என்று கேட்கலாம். அந்தப் பெண் திரும்பிப்போய் வாழ வேண்டிய வீட்டை நினைத்துப் பார்த்தால், டாக்டர் தன் தோளில் ஏற்றிக்கொள்ளும் சுமை அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்ணப்பனின் கையைப் பிடித்த கை இங்கே டாக்டருடையதாக இருக்கிறது.

இனி இறந்தவரிடமிருந்து பெறுவது. இங்கேதான் ‘எங்க வழக்கத்துல இல்லீங்க’ என்ற சொல் முழு பலத்தோடு வருகிறது.

நம் சனங்களுக்கு உயிர் என்பது மூச்சு. ‘மூச்சு நின்னுடுச்சு’ என்றால் எல்லாம் முடிந்தது. வென்டிலேட்டரில் இருப்பவரின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை தொட்டால் சுடுகிறது, திரையில் இதயத் துடிப்பு ஓடுகிறது. இவர் இறந்துவிட்டார் என்று ஒருவர் வந்து சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? இதயத்துக்குத் தன்னளவிலேயே துடிக்கும் திறன் இருக்கிறது. எந்திரம் காற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை அது கொஞ்ச காலம் துடிக்கும். மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செத்துவிட்டால் அந்த மனிதர் திரும்ப வழியே இல்லை. கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு வேலை செய்கிறது, அவர் மீளக்கூடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் ‘கோமாவுல இருந்தவரை அறுத்துட்டாங்க’ என்ற பேச்சு பிறக்கிறது.

சட்டம் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது, விழியைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. முக்கியமானது மூச்சுச் சோதனை. ஆக்சிஜனை மட்டும் உள்ளே விட்டு எந்திரத்தை நிறுத்திவிட்டு, உடம்பு தானாக ஒரு மூச்சாவது இழுக்கிறதா என்று நிமிடக் கணக்கில் பார்க்கிறார்கள். ரத்தத்தில் கரியமிலவாயு ஏறும்போது உயிருள்ள மூளைத்தண்டு சும்மா இருக்காது, மூச்சை இழுத்தே தீரும். உறுப்பை எடுத்துப் பொருத்தப் போகும் டாக்டர்கள் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. மூச்சுதான் உயிர் என்ற நம் பாட்டிமார் கணக்கையே இந்தச் சோதனையும் கேட்கிறது என்பதை யாராவது அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. மூளைச்சாவு என்பதற்கு உறுப்பு மாற்றுச் சட்டத்தில்தான் தெளிவான இடம் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் மரணத்தைப் பழைய முறையிலேயே வரையறுக்கிறது. அதனால் தானத்துக்குச் சம்மதித்த குடும்பத்தின் பிள்ளை இறந்தவர், சம்மதிக்காத குடும்பத்தின் பிள்ளை இன்னும் எந்திரத்தில் இருப்பவர் என்று ஆகிவிடுகிறது. ‘நாங்க சரின்னு சொன்னாத்தான் அவன் செத்தவனா?’ என்று ஒரு தகப்பன் கேட்டால் அதற்கு நேர்மையான பதில் சுலபத்தில் கிடைக்காது. சந்தேகத்தை மதத்தின் தலையில் கட்டுவதற்கு முன் இந்தக் குழப்பத்தைச் சட்டம் தீர்க்க வேண்டும்.

மூளைச்சாவு பற்றி மத அறிஞர்கள் பேசாமல் இருக்கவில்லை. மரணம் எப்போது நிகழ்ந்தது என்று சொல்வது மருத்துவர்களின் வேலை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொன்னார். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரோமில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் மூளை அடிப்படையிலான அளவுகோலை ஏற்றுப் பேசினார். உயிர்த்தெழும் நாளில் உடம்பு முழுசாக இருக்க வேண்டாமா என்ற கேள்வி சில வீடுகளில் வருவது உண்மை. கல்லறையில் மண்ணாகிப்போன உடம்பையே எழுப்பக்கூடியவருக்கு ஒரு சிறுநீரகம் பெரிய விஷயமா என்று போதகர்கள் அதற்குப் பதில் சொல்வார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் இது பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

முஸ்லிம் குடும்பங்களில் விஷயம் இன்னும் அடர்த்தியானது. வேலூரைச் சுற்றி அதைத் தெரிந்துகொள்ளாமல் பேச முடியாது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் வியாபாரத்தோடு வளர்ந்த ஊர்கள் இவை. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், உமராபாத்தில் 1924-ல் தொடங்கிய ஜாமியா தாருஸ்ஸலாம் என்று நாடறிந்த மார்க்கக் கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. ஒரு சிக்கல் வந்தால் ‘ஹஜ்ரத்தைக் கேட்டுக்கலாம்’, அதாவது மார்க்க அறிஞரைக் கேட்டுக்கொள்ளலாம் என்பது இங்கே இயல்பான அடுத்த வாக்கியம்.

மார்க்க அறிஞர்களிடையே உண்மையாகவே இரண்டு கருத்துகள் உண்டு. இறந்தவரின் எலும்பை உடைப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை உடைப்பது போன்றது என்ற நபிமொழி ஒரு பக்கம். ஓர் உயிரைக் காப்பாற்றியவர் மனித குலம் முழுவதையும் காப்பாற்றியவர் போல என்ற குர்ஆன் வசனம் மறுபக்கம். நிர்ப்பந்தம் தடைகளைத் தளர்த்தும் என்ற சட்ட விதியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. உலக முஸ்லிம் நாடுகளின் ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அகாடமி 1986-ல் அம்மானில் கூடியபோது, மூளையின் இயக்கம் முழுவதுமாக, மீளமுடியாதபடி நின்றுவிட்டால் அதையும் மரணமாகக் கொள்ளலாம் என்று முடிவெடுத்தது. 1988-ல் ஜித்தாவில், இறந்தவர் முன்பே சம்மதித்திருந்தாலோ வாரிசுகள் சம்மதித்தாலோ உறுப்பை எடுத்து உயிர் காக்கலாம், விற்கக் கூடாது என்றது. அதேநேரம் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹப்) ஒன்றான ஹனஃபியைச் சேர்ந்த நம் துணைக்கண்டத்து அறிஞர்கள் பலர் மனித உடலின் கண்ணியத்தை முன்வைத்துத் தயங்கினார்கள். வட ஆற்காட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஆகவே இங்கே ஒரு குடும்பம் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையான ஒரு சட்ட விவாதம் நிற்கிறது. ‘உங்க மதத்துல அனுமதி இருக்கே’ என்று ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டி அதை மூடிவிட முடியாது. மூடவும் கூடாது.

நடைமுறையில் அந்தக் குடும்பத்தை அதிகம் வாட்டுவது நேரம். மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தி, தொழுகை நடத்தி, சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும். தாமதம் இறந்தவருக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறார்கள். மூளைச்சாவை உறுதிசெய்ய ஆறு மணி நேரம், உறுப்பு யாருக்கு என்று முடிவாகி வெளியூர் அறுவைக் குழுக்கள் வந்துசேரப் பல மணி நேரம், அப்புறம் காவல்துறை வேலை. ‘எப்போ குடுப்பீங்க’ என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சம்மதம் சொன்ன பிறகு ஒன்றரை நாள் ஒரு வராந்தாவில் காத்திருந்தது. அவர்களுக்குத் தானம் செய்ததில் வருத்தம் இல்லை. எவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

இந்து வீடுகளிலும் இது வேறு வடிவில் இருக்கிறது. விபத்தில் போனவரின் சாவு துர்மரணம். பல ஊர்களில் அந்த உடம்பை வீட்டுக்குள்ளேயே ஏற்ற மாட்டார்கள், பந்தலில்தான் கிடத்துவார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். சனிக்கிழமை என்றால் ‘சனிப் பிணம் தனியாப் போகாது’ என்று வேறு பயம். கண்ணை எடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பழைய சட்டையைக் கழற்றிப் புதுச்சட்டை போடுவது போல ஆன்மா உடம்பை மாற்றிக்கொள்கிறது என்று கீதை சொல்வதை அதே வீட்டில்தான் பதினாறாம் நாள் யாராவது படிப்பார்கள். நம்பிக்கைகள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தி இருப்பதில்லை.

சாலை விபத்தில் இறந்தவருக்கு எப்படியும் பிரேதப் பரிசோதனை உண்டு. தானம் வேண்டாம் என்று மறுத்த குடும்பத்தின் பிள்ளையையும் பிணவறையில் திறக்கத்தான் செய்கிறார்கள். உறுப்பு எடுப்பதோ அறுவை அரங்கில், உயிரோடிருப்பவருக்குச் செய்யும் அதே கவனத்தோடு நடந்து, தையல் போட்டு மூடப்படுகிறது. கண் தானத்தில் இன்று பெரும்பாலும் கருவிழியின் மேல்படலத்தை மட்டும் எடுப்பதால் முகம் மாறுவதில்லை. அதற்கு மூளைச்சாவு தேவையில்லை, வீட்டில் இறந்தவருடையதையும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கலாம். தானத்துக்குச் சம்மதித்த பிறகு உடம்பைப் பராமரிக்கும் செலவை அந்தக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்பதும் விதி. இவற்றைத் தெரிந்துகொண்டு மறுப்பது ஒரு குடும்பத்தின் உரிமை. தெரியாமலேயே மறுத்துவிட்டுப் பின்னால் நினைத்து அழுவதுதான் வேதனை.

மதம் ஒரு தேசத்தையே கொடுக்கவைத்த கதையும் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. இலங்கையில் ஹட்சன் சில்வா என்ற டாக்டர் 1961-ல் கண் தான சங்கம் தொடங்கினார். தன் கண்களையே கொடுத்த சிபி மன்னனாகப் புத்தர் முன்பிறவியில் வாழ்ந்தார் என்ற சாதகக் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். தானம் அவர்களுக்கு ஒரு பாரமிதை, புத்த நிலையை நோக்கி வளர்த்துக்கொள்ள வேண்டிய நற்குணம். 1964-ல் தொடங்கி அந்தச் சின்னத் தீவு உலக நாடுகளுக்குக் கண்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நமக்கும் சிபி உண்டு, முதுகெலும்பைக் கொடுத்த ததீசி உண்டு, ‘என்பும் உரியர் பிறர்க்கு’ என்ற குறள் உண்டு. கதை இருந்தும் நம்மிடம் கொடுக்கும் வழக்கம் அந்த அளவுக்கு உருவாகவில்லை. அவர்கள் கண் கொடுப்பதைச் சாவுச் சடங்கின் ஓர் அங்கம் போல ஆக்கிக்கொண்டார்கள். நாம் கதையை மேடையிலும் சடங்கைச் சுடுகாட்டிலும் தனித்தனியே வைத்திருக்கிறோம்.

மத நிலைப்பாடுகள் மாறவே மாறாது என்று நினைக்கவும் தேவையில்லை. ரத்தம் ஏற்றுவதை மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவினர் 1967-ல் உறுப்பு மாற்றையும் கூடாது என்றார்கள். 1980-ல் அதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் திருப்பம் 2008-ல் வந்தது. அந்த ஆண்டு அரசு ஆணைகள் மூலம் இறந்தவர் உறுப்பு மாற்றுக்கு ஒழுங்கான முறை வந்தது. செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். எத்தனையோ விளம்பரம் செய்யாததை அந்தச் செய்தி செய்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் உடல் அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்த ஆண்டு மாநிலத்தில் 178 பேரின் உறுப்புகள் தானமாகக் கிடைத்தன. 2024-ல் அது 268 ஆனது. அரசு மரியாதைதான் காரணம் என்று ஒரே போடாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மாலையோடு ஊருக்குள் வந்து நிற்பதைப் பார்க்கும் அந்தப் பெரியப்பாவுக்கு, ‘நம்ம புள்ளைய சரியா வழியனுப்பினோம்’ என்ற நிம்மதி கிடைக்கிறது. அரசு கைவைத்தது சடங்கில். ஐடா செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

அப்படியானால் இங்கே இன்னும் என்ன செய்யலாம்? பர்ஸில் தான அட்டை வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் கடைசி நேரத்தில் வீட்டாரின் சம்மதம் இல்லாமல் நம் ஊரில் எதுவும் நடக்காது. எனவே அட்டையைவிட, சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண ராத்திரியில் வீட்டில் இதைப் பற்றி ஒருமுறை பேசிவிடுவது பெரிய உதவி. பெரியப்பாவையும் தாய்மாமனையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும். வராந்தாவில் பதில் சொல்லப்போவது அவர்கள்தான்.

மருத்துவமனைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இரண்டு சோதனைகளுக்கு நடுவே ஆறு மணி நேரம் இருக்கிறது. மேல்விஷாரத்திலிருந்து ஹஜ்ரத்தோ, காட்பாடியிலிருந்து பாதிரியாரோ, ஊரிலிருந்து நாட்டாமையோ வந்துசேர அந்த நேரம் போதும். அவர்களை உள்ளே விடுங்கள். இரண்டாவது மூச்சுச் சோதனையின்போது படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கவிடுங்கள். என்ன பார்க்கிறீர்கள், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தமிழிலோ உருதுவிலோ அவர்களுக்குச் சொல்லுங்கள். உடம்பை எத்தனை மணிக்கு ஒப்படைப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். குளிப்பாட்ட ஓர் இடம், தண்ணீர், ஒரு திரை ஏற்பாடு செய்யுங்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் சொல்லும் பதில் எதுவானாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.